மறுமொழி: 'டோசிஸ்' – இமைத்தொய்வா, இமையிறக்கமா?

வணக்கம். மேலிமை கீழே இறங்கி நிற்பதைத்தான் ஆங்கிலத்தில் 'டோசிஸ்' (ptosis) என்கிறார்கள். நம் கலைச்சொற் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதே கேள்வி.

> 'இமைத்தொய்வு' என்றே வைத்துவிடலாமே. பழகின சொல், காதுக்கும் நல்லாயிருக்கு.

காதுக்கு நல்லாய்த்தான் இருக்கிறது ஐயா. ஆனால் தொய்வு என்றால் ஏதோ தளர்ந்துவிட்டது என்று பொருள். முதுமையில் வரும் வகைக்கு அது பொருந்தும். இமையைத் தூக்கும் தசை பலமாகவே இருக்க, அதை இமையோடு பிணைக்கிற நாண் இழுபட்டுக் கழன்றுவிடுகிறது. பிறவியிலேயே வரும் வகை இதற்கு நேர்மாறு. தசை சரியாக உருவாகாமல் இறுகிக் கிடப்பதால், பிள்ளை கீழே பார்க்கும்போது அந்த இமை மற்ற இமையைவிட மேலே நிற்கும். இதையும் தொய்வு என்று எழுதுவதா?

இன்னொன்று. வயதானவர்களுக்கு இமைத்தோல் மடிந்து தொங்கும். விளிம்பு இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கும். 'இமைத்தொய்வு' என்ற சொல் அதற்குத்தான் தேவை.

> அப்படியென்றால் 'இமைவாதம்'?

அது பரிசோதிக்க முன்னமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கண்ணில் தெரிவதை மட்டும் சொல்லும் பெயர் போதும்: இமையிறக்கம். அளக்கவும் வசதி. ரோச் வெளிச்சம் கருவிழியில் தெறிக்கும் புள்ளியிலிருந்து மேலிமை விளிம்புவரை வழமையாக 4–5 மி.மீ. இருக்கும். அது 2 ஆகக் குறைந்தால், இறக்கம் எவ்வளவு என்று தாதியே எழுதிவிடலாம்.

காரணம் அப்புறம் வரட்டும். கண்மணி விரிந்து, கண் கீழும் வெளியுமாக ஒதுங்கியிருந்தால் இமையையும் கண்ணையும் அசைக்கும் மூன்றாம் மண்டையோட்டு நரம்பில் பாதிப்பு; மூளை நாடியின் புடைப்பு அதை அழுத்தலாம், அன்றைக்கே அனுப்பவேண்டும். கண்மணி சுருங்கி, இறக்கம் 1–2 மி.மீ. மட்டும் என்றால் ஹோனர் கூட்டறிகுறி (கண்ணுக்குப் போகும் பரிவு நரம்புப் பாதையில் பாதிப்பு). காலையில் சரி, பின்னேரம் விழுகிறது என்றால் மயஸ்தீனியா (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராமல் தசை சீக்கிரம் களைக்கும் நோய்). மூடிய இமைமேல் 2 நிமிடம் ஐஸ் வைத்ததும் 2 மி.மீ. அளவுக்கு இமை உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

வன்னியில் இருந்து எழுதுவதால் பாம்புக்கடியை விட்டுவிட முடியாது. பாயில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்புவார். கடித்த தடம் சிலவேளை தெரியாது, நோவும் இராது. பிறகு வீட்டார் "கண்மடல் தூக்கேலாமல் கிடக்கு" என்பார்கள். கட்டுவிரியன் நஞ்சு நரம்பைப் பிடிக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்; விழுங்குவதும் மூச்சும் அதற்குப் பிறகுதான் தடைப்படும். நாகம் கடித்தாலும் அப்படி. இலங்கைக் கண்ணாடி விரியனுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒட்டுசுட்டானில் இருந்து மாற்றி அனுப்பும்போது துண்டில் "இருபக்க இமையிறக்கம், அதிகாலை 4 மணி" என்று இருந்தால், வாங்குகிற வைத்தியர் அந்த நேரத்தோடு ஒப்பிட்டு, முடக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்துக்கொள்வார். அந்த அவசரத்தில் 'மேற்கண்ணிமைத் தாழ்நிலை' மாதிரி ஒன்றை யார் எழுதுவார்கள்? (பட்டியலில் அதுவும் கிடக்கிறது, யார் வைத்ததோ!)

கூட்டுச்சொல்லுக்கும் இது வளையும்: பிறவி இமையிறக்கம், நரம்புசார் இமையிறக்கம். தோல் மடிப்பாலோ புருவம் சரிந்ததாலோ அப்படித் தோன்றினால் போலி இமையிறக்கம். தலைப்புச் சொல்லில் மட்டும் 'மேலிமையிறக்கம்' என்று முழுதாய் இடலாம். கீழிமை இறங்குவது வேறு விஷயம்.

'போலி' என்ற முன்னொட்டில் யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கண் மருத்துவப் பகுதியை ஒப்படைக்க முன்னம் திருத்திவிடலாம்.