கூரை ஒழுகி அறையெல்லாம் பூசணம்: செலவு யாருடையது?

பேராக்_மகள்:
வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 650 வெள்ளி (ரிங்கிட்). அப்பா ரப்பர்த் தோட்டத்தில் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம். மூன்று வருஷமாகிறது.

வீட்டுக்காரர் சமையல்கட்டைப் பின்னால் நீட்டித் தகரம் போட்டிருக்கிறார். தகரம் பழைய சுவரோடு சேரும் இடத்தில்தான் தண்ணீர் இறங்குகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளின் அறை. அக்டோபரிலேயே சொன்னேன். ஓர் ஆள் வந்து சிலிக்கோன் தடவிவிட்டுப் போனார். நவம்பர் மழைக்கு முன்னைவிட மோசம்.

போன வாரம் அலமாரியை நகர்த்தினேன். பின்பலகை முழுக்கக் கரும்பச்சைப் பூசணம், விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. அடித்தட்டில் காலஞ்சென்ற அம்மாவின் கூறைப்புடவை. ஜரிகை ஓரமெல்லாம் கரும்புள்ளி. வெயிலில் விரித்துப் போட்டுவிட்டு அழுதேன். சின்னவளுக்கு ராத்திரியானால் மூச்சிழுப்பு வருகிறது.

வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஜன்னலைத் தொறக்கிறதில்ல, துணிய உள்ள காயப்போடுறீங்க, அதான். நீங்களே சாயம் அடிங்க, இல்லன்னா டெபாசிட்டுல கழிச்சுக்குவேன்."

யார் பொறுப்பு? இந்த மாத வாடகையை நிறுத்திவைக்கலாமா?

கூரை_அண்ணன்:
தங்கச்சி, சிலிக்கோன் அங்கே நிற்காது. வெயிலில் தகரம் விரியும், ராத்திரியில் சுருங்கும், சிலிக்கோன் பிய்ந்துவிடும். சுவரைக் கீறி, தகட்டை உள்ளே செருகி, மேலே பூச வேண்டும்.

காற்று ஈரமா, சுவர் ஈரமா என்று நீயே பார்க்கலாம். பூசணத்தைத் துடைத்து, காய்ந்த இடமாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டு. இரண்டு நாள் விடு. தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்று. படம் எடுத்து வை. ஒழுகலை அடைக்காமல் சாயம் மட்டும் அடித்தால் பூசணம் திரும்ப வரும், காசு வீண். பிள்ளையை அந்த அறையில் படுக்க வைக்காதே.

ஈப்போ_கிராணி:
வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள் அக்கா. நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்று ஆகிவிடும். 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, வாடகைப் பாக்கிக்கு அவர் நீதிமன்ற ஆணை வாங்கி வீட்டுச் சாமான்களையே பிடிக்க வழி இருக்கிறது.

நம் நாட்டில் வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதலில் பேசும். கூரை, முக்கியச் சுவர், குழாய் பழுதுகள் வீட்டுக்காரருடையவை என்று வழக்கமாக ஒரு பிரிவு இருக்கும். முத்திரை குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். குத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டினால் அபராதத்தோடு முத்திரை வரி கட்டச் சொல்வார்கள்.

அப்புறம், வாயால் சொன்னது போதும். தேதி போட்டு, படங்களோடு, 14 நாளில் சரிசெய்யும்படி எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை சிறு உரிமைக் கோரிக்கை போடலாம், அதற்கு வக்கீல் வேண்டாம். நீதிமன்ற ஆணை இல்லாமல் உங்களை அவர் வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7(2) பிரிவு அதைத் தடுக்கிறது.

பேராக்_மகள்:
அண்ணன் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தாளை ஒட்டினேன். இன்று பிரித்தால் உள்பக்கமெல்லாம் நீர்முத்து, வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவில் கூரையும் வெளிச்சுவரும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. முத்திரையும் இருக்கிறது. வாடகையை நேற்றே கட்டிவிட்டேன். கடிதத்தை அப்பா மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறார், சாயங்காலம் நேரில் கொடுக்கப் போகிறோம். சின்னவள் இப்போது எங்களோடு கூடத்தில் படுக்கிறாள். பட்டில் படிந்த பூசணக் கறையை எடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.