கிரவுட் இல்லாத பீம் உடைந்த விதம்

கிண்டிவாசி:
சென்னையில் எம்.இ. படித்தபோது பரிசோதனைக்கூடத்தில் பார்த்ததை எழுதுகிறேன். ஒரே நாளில் வார்த்த இரண்டு போஸ்ட் டென்ஷன் பீம்கள், அதாவது கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியை இழுத்து இரு முனையிலும் பூட்டிய உத்திரங்கள். இரண்டிலும் 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட் (மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிய வடம்), ஒரே இழுவிசை. அடியில் வழக்கமான முறுக்குக் கம்பி கிடையாது. ஒன்றின் டக்ட்டில், அதாவது ஸ்ட்ராண்ட் ஓடும் குழாயில், கிரவுட் என்ற சிமெண்ட் குழம்பை ஏற்றினோம், மற்றதில் ஏற்றவில்லை. கிரவுட் என்பது துருப்பிடிக்காமல் காப்பதற்குத்தான், அடுத்த மாதமே உடைக்கப் போகிற பீமில் அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் கிரவுட் போட்டது. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் அடிப்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வெள்ளையடித்த பீமில் ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தோம். பேராசிரியர் சுமை ஏற்றும் ஜாக்கைத் தளர்த்தச் சொன்னார். சுமை இறங்க இறங்க வெடிப்புகள் மூடிக்கொண்டன. பென்சில் கோடு இருக்கிறது, வெடிப்பைக் காணோம்! வகுப்பில் படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது சிலிர்த்தது. மறுபடி ஏற்றினோம். வெடிப்புகள் பெருகி, நடுவில் நன்றாகத் தொய்ந்து, கடைசியில்தான் மேற்புறக் கான்கிரீட் நொறுங்கியது.

அடுத்ததில் நடுவே ஒரே ஒரு வெடிப்பு. அதுவே அகலமாகி மேலேறி இரண்டாகக் கிளைத்தது. முதல் பீம் தாங்கிய சுமைக்கு வெகு முன்பே மேற்புறம் நொறுங்கிவிட்டது. கிரவுட் இறுகிக் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் ஒட்டு இருந்தால், வெடிப்பு விழுந்த இடத்தில் கம்பி அங்கேயே நீண்டு தன் முழு வலிமைக்கு அருகே போகும். ஒட்டு இல்லாவிட்டால் அந்த நீட்சி இரண்டு முனையிலுள்ள ஆங்கரேஜுக்கும் (கம்பியைப் பூட்டும் இடம்) இடையே பரவிவிடும், விசை அவ்வளவாக ஏறாது. 1860 மெகாபாஸ்கல் கம்பி போட்டும் அதன் முழு வலிமை பயன்படவில்லை. இப்படி இழுத்துப் பூட்டிய கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1343-இல் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை ஏன் என்பது அன்றுதான் புரிந்தது.

மேடவாக்கம் சைட்:
நான் வேலை பார்த்த மேம்பாலத்தில் ஒரு கேபிளுக்கு (ஸ்ட்ராண்டுகளின் கட்டு) கிரவுட் ஏற்றும்போது மறுமுனை வென்ட்டில், அதாவது காற்று வெளியேறும் துளையில், எதுவும் வரவில்லை. "பம்ப்பில் பிரஷர் காட்டிடுச்சு, மூடிடலாம் சார்" என்றார்கள். நான் ஒப்பவில்லை. ஷீத்திங் (கேபிள் ஓடும் டக்ட் குழாய்) நசுங்கி, உள்ளே சிமெண்ட் பால் இறங்கி அடைத்திருந்தது. அடைப்புக்கு அந்தப் பக்கம் துளை போட்டு அங்கிருந்து ஏற்றினோம். இரண்டு நாள் போனது, போகட்டும். கோவாவில் மாண்டவி பாலம் 1986-இல் விழுந்தது உள்ளே கேபிள் துருப்பிடித்துத்தான்.

பெருங்குடி:
எங்கள் அடுக்குமாடியில் பி.டி. (போஸ்ட் டென்ஷன்) ஸ்லாப். பாத்ரூம் குழாய்க்காகக் கோர் கட்டிங் செய்தவர் ஒரு ஸ்ட்ராண்டை அறுத்துவிட்டார். பயந்துபோனோம். பார்க்க வந்த இன்ஜினியர், கிரவுட் சரியாக இருப்பதால் அறுந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கம்பி மறுபடி கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும், நஷ்டம் அந்த இடத்தோடு நிற்கும் என்றார். ஒட்டில்லாத கேபிளாக இருந்தால் முழு நீளத்துக்கும் இழுவிசை போயிருக்குமாம். இப்போது யார் துளை போட வந்தாலும் கேபிள் டிராயிங்கை எடுத்துக்கொண்டு நானே கூடப் போய் நிற்கிறேன்.