மறு: ‘ஸ்மோல்ட்’ – ‘ஏகுமீன்’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தின் கடற்பறவைகளைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், ‘ஸ்மோல்ட்’ (ஆற்றில் பிறந்து வளர்ந்து, கடலுக்குப் போகத் தயாராகிவிட்ட இளம் சால்மன் மீன்) என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு, புதிதாக ஒன்றையும் முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்தருளுங்கள்.

> மீன்குஞ்சு என்றே எழுதலாமே. எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா. ஆனால் கட்டுரை சொல்லவருவது கைநழுவிப் போகும். ஒரு பெண் சால்மன் சில ஆயிரம் முட்டைகள் இடுகிறது. சரளைக்கற்களுக்கு இடையில் பொரிந்து மஞ்சள்கருப் பையோடு கிடப்பது அலெவின். பை தீர்ந்து இரைதேடத் தொடங்கினால் ஃப்ரை. உடலின் பக்கவாட்டில் கருவரிகளோடு ஓடையில் தனக்கென்று இடம்பிடித்து வளர்வது ‘பார்’ என்ற பருவம். அதற்குப் பிறகு வருவதுதான் ஸ்மோல்ட். ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி மடிந்து, மிஞ்சியவையே கடலை நோக்கிக் கிளம்புகின்றன. ஆயிரம் அலெவின் சாவதும் ஆயிரம் ஸ்மோல்ட் சாவதும் ஒன்றல்ல. இரண்டையும் ‘மீன்குஞ்சு’ என்றால் கணக்கே மாறிவிடும்.

கட்டுரையின் மையச் செய்தியையே பாருங்கள். ஆற்றை ஆழப்படுத்த அள்ளிய மணலைக் கொட்டியதால் உருவானது ரைஸ் தீவு. 1990-களின் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ எட்டாயிரம் இணை காஸ்பியன் ஆலாக்கள் (மீன்தின்னும் ஒருவகைக் கடற்பறவை) கூடுகட்டின. 1998-இல் மட்டும் அவை தின்ற ஸ்மோல்ட்டுகள் ஒரு கோடிக்கும் மேல் என்று ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேனியல் ரோபி குழுவினர் கணித்தார்கள். “ஒரு கோடி மீன்குஞ்சு” என்று படிக்கும் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? மீன்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறதே, போனால் போகட்டும் என்றுதான் நினைப்பார். ஆனால் அவற்றில் பல, அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின்கீழ் காப்பில் இருக்கும் கூட்டங்களைச் சேர்ந்தவை. இட்ட முட்டைகளில் தப்பிப் பிழைத்துக் கடல்வாசல்வரை வந்து சேர்ந்தவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது கடற்பறவைக் கட்டுரை. காஸ்பியன் ஆலா ஒரு தடவைக்கு ஒரு மீனை முழுதாக அலகில் குறுக்கே கவ்விக்கொண்டு கூட்டுக்கு வரும். ஆய்வாளர்கள் மறைவிடத்தில் அமர்ந்து தொலைநோக்கியில் அந்த மீன் என்ன இனம் என்று பார்த்துப் பார்த்துக் குறித்துத்தான் ஆலாவின் உணவைக் கணக்கிட்டார்கள். அந்தக் காட்சியைத் தமிழில் எழுதினால் “ஆலா தன் குஞ்சுக்குக் குஞ்சை ஊட்டியது” என்று வரும். பத்திக்குப் பத்தி எது பறவைக்குஞ்சு, எது மீன்குஞ்சு என்று வாசகர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். ‘கடல்குஞ்சு’ என்ற பரிந்துரைக்கும் இதே தடை. போதாததற்கு, கடலில் பிறந்தது என்ற பொருளும் வந்துவிடுகிறது. இது பிறந்தது ஆற்றில்.

> வெள்ளிக்குஞ்சு எப்படி? பார்த்தவுடன் தெரியும் அடையாளம் அதுதானே.

அம்மா, அழகான சொல். கருவரிகள் மங்கி, தோலில் குவானைன் என்ற பளபளக்கும் பொருள் படிந்து, மீன் பளபளவென்று வெள்ளியாகிவிடுவது உண்மைதான். ஆனால் கோஹோ சால்மனுக்கு ‘வெள்ளி சால்மன்’ என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அப்புறம் வெள்ளி சால்மனின் வெள்ளிக்குஞ்சு, மற்ற சால்மனின் வெள்ளிக்குஞ்சு என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கடலில் வளர்ந்த சால்மனும் வெள்ளியாகத்தான் இருக்கும்.

நிறம் அந்த மாற்றத்தின் மேல்தோல் மட்டுமே. உள்ளே நடப்பதுதான் பெரிது. நன்னீரில் இருக்கும்வரை உப்பை உள்ளிழுத்துச் சேமித்துவந்த செவுள், இப்போது உப்பை வெளியேற்றும் உறுப்பாக மாற வேண்டும். அதற்கான சோடியம்–பொட்டாசியம் ஏடிபேஸ் நொதியின் செயல்பாடு செவுளில் ஏறுகிறது. தைராக்சின், கார்டிசால், வளர்ச்சி இயக்குநீர் எல்லாம் சேர்ந்து வேலைசெய்கின்றன. பிறந்த ஓடையின் மணம் நினைவில் பதிகிற காலமும் இதுதான். திரும்பிவர அந்த நினைவுதான் வழிகாட்டி. அதுவரை நீரோட்டத்தை எதிர்த்து நின்று, தன் இடத்துக்காகச் சண்டைபோட்ட மீன், இப்போது கூட்டத்தோடு கூட்டமாக நீரோட்டத்தின் போக்கில், பல நேரம் வாலை முன்னே விட்டபடி, கீழ்நோக்கிப் போகிறது. பகல்நீளம் கூடுவதும் நீரின் வெப்பமும் இதைத் தூண்டுகின்றன. சில வாரங்களே நீடிக்கும் பருவம் இது. அதற்குள் கடலைச் சேராவிட்டால் இந்த ஆயத்தம் கலைந்து, உடல் மறுபடி நன்னீருக்கே திரும்பிவிடும். அணைகளின் தேக்கத்தில் நீர் மெதுவாகி, வெதுவெதுப்பாகி, பயணம் தாமதமானால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே விளங்கும். கொலம்பியாவின் கிளையாறான ஸ்னேக் ஆற்றிலிருந்து வரும் மீன்கள் எட்டு அணைகளைத் தாண்டியாக வேண்டும்.

ஆகவே பெயர் நிறத்தையோ அளவையோ சொல்லாமல், போகத் தயாராகிவிட்ட நிலையைச் சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

> ஸ்மோல்ட் என்றே வைத்துவிடுவோம். சால்மனை அப்படித்தானே வைத்திருக்கிறோம்.

சால்மன் ஒரு மீனின் பெயர். அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்மோல்ட் ஒரு பருவம். அதிலிருந்து வினை வேண்டும், தொழிற்பெயர் வேண்டும், எதிர்ச்சொல் வேண்டும். ஸ்மோல்ட்டிஃபிகேஷன், டிஸ்மோல்ட்டிஃபிகேஷன் என்று எழுதத் தொடங்கினால் கட்டுரை தமிழில் இருந்தும் பயனில்லை.

என் பரிந்துரை: ஏகுமீன்.

ஏகுதல் என்றால் போதல். வினைத்தொகை என்பதால் ஏகிய, ஏகும் என்று காலத்துக்குக் கட்டுப்படாமல் நிற்கும். பொரிப்பகத் தொட்டியில் விடுவிப்புக்காகக் காத்திருப்பதும் ஏகுமீன், ஆற்றில் போய்க்கொண்டிருப்பதும் ஏகுமீன், முகத்துவாரத்தில் ஆலாவின் அலகில் சிக்கியதும் ஏகுமீன்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்கு முதன்மையான காரணம் அதன் இணைச்சொல். கடலில் வளர்ந்து முட்டையிடத் திரும்பிவரும் மீனை ‘மீள்மீன்’ என்போம். கொலம்பியா வடிநிலத்தில் சால்மன் தேறிவருகிறதா என்று பார்க்கும் முக்கிய அளவுகோலே, போன ஸ்மோல்ட்டுகளில் எத்தனை விழுக்காடு வளர்ந்து திரும்பின என்பதுதான். அங்கே குறிக்கோளாக வைத்திருப்பது 2 முதல் 6 விழுக்காடு. தமிழில் அதை ‘ஏகு–மீள் விகிதம்’ என்று சொல்லிவிடலாம். நூறு ஏகுமீன் போனால் இரண்டிலிருந்து ஆறு மீள்மீன் வர வேண்டும். விளக்கக் குறிப்பே தேவைப்படாது. கட்டுரைத் தலைப்பில் ‘சால்மன் மீட்பு’ என்று இருப்பதையும் ‘சால்மன் மீட்சி’ என்று மாற்றலாம். மீட்பு என்றால் யாரோ வலைபோட்டுக் காப்பாற்றுவதுபோல் இருக்கிறது. இங்கே மீன்கூட்டம் தானாகப் பெருகி நிலைபெறுவதுதான் குறிக்கோள்.

உடலுக்குள் நடக்கும் மாற்றத்துக்குத் தனிச்சொல் வேண்டும். அதற்குக் ‘கடல்தகவு’ என்கிறேன். தகவு என்றால் தகுதி. தகவமைப்பு என்ற சொல் உயிரியலில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. மீன் கடல்தகவு பெறுகிறது. தாமதமானால் கடல்தகவு இழக்கிறது. கடற்றகவு என்றுதான் புணரும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள். கற்றூண் சரியென்றாலும் கல்தூண் என்றே இன்று எழுதுகிறோம். அந்த நெகிழ்வு இதற்கும் இருக்கட்டும்.

எழக்கூடிய தடைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏக’ என்ற ஒன்றைக் குறிக்கும் சொல்லோடு குழம்புமா? மேலோட்டமாகப் படிப்பவருக்குக் குழம்பலாம். கட்டுரையில் முதன்முறை ‘கடலேகுமீன்’ என்று முழுதாகப் போட்டு, பிறகு சுருக்கிக்கொண்டால் போதும். திரும்பும் மீனுக்கு ‘ஏறுமீன்’ என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். வெள்ளத்தில் மீன் ஏறுகிறது என்ற பேச்சுவழக்கு அதில் இருப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஏகுமீனுக்கும் ஏறுமீனுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. அட்டவணையில் ஒரு தட்டச்சுப் பிழை போன மீனை வந்த மீனாக்கிவிடும். அதனால்தான் மீள்மீன்.

பிங்க், சம் என்ற இரண்டு சால்மன் இனங்களும் பொரிந்து வெளிவந்த கொஞ்ச காலத்திலேயே, ஃப்ரை பருவத்திலேயே கடலுக்குப் போய்விடும். அவையும் ஏகுகின்றனவே என்று கேட்கலாம். அவற்றைக் ‘கடலேகும் குஞ்சு’ என்று விரித்தே எழுதுவோம். ஏகுமீன் என்ற கலைச்சொல்லை ஓடையிலோ ஏரியிலோ வளர்ந்து கடல்தகவு பெற்ற பருவத்துக்கே ஒதுக்குவோம்.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க, கட்டுரையின் சில பகுதிகளை எழுதிப்பார்த்தேன்:

“1999 முதல் 2001 வரை ஆலாக்களின் குடியிருப்பு ரைஸ் தீவிலிருந்து, கடல்வாயை ஒட்டிய கிழக்கு மணல் தீவுக்கு மாற்றப்பட்டது. அங்கே நெத்திலியும் ஹெர்ரிங்கும் கிடைத்ததால், முன்பு ஆலாக்களின் உணவில் பெரும்பகுதியாக இருந்த ஏகுமீன்களின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.”

“ஏகுமீன்களின் உடலுக்குள் 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிச் சிமிழ் ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதில் மின்கலம் இல்லை. படிப்பானை அருகில் கொண்டுபோனால் தன் எண்ணைச் சொல்லும். கூடுகட்டும் காலம் முடிந்து பறவைகள் போனபின், தீவின் மணலைப் படிப்பானால் துழாவி, எந்த ஆற்றின் எந்தப் பொரிப்பகத்து ஏகுமீன் அங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.”

“இருகொண்டை நீர்க்காகங்களைக் குறைக்க 2015 முதல் கிழக்கு மணல் தீவில் சுட்டுக்கொல்வதும் முட்டைகளில் எண்ணெய் பூசுவதும் நடந்தன. பறவைகள் அந்தத் தீவைக் கைவிட்டன. பெரும்பகுதி ஆற்றின் மேற்பக்கம் அஸ்டோரியா பாலத்துக்குப் போனது. அங்கே கடல்மீன் குறைவு என்பதால், ஒவ்வொரு பறவையும் முன்னைவிட அதிக ஏகுமீன்களைத் தின்றது.”

மூன்றாவது பகுதியை எழுதும்போது மனம் கனத்தது. இந்தப் பறவைகளை வில்லன்களாக்கும் கட்டுரை அல்ல இது. ஆலா தின்ற ஏகுமீன்களில் எத்தனை எப்படியும் கடலில் மடிந்திருக்கும் என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் நடக்கிறது. ‘ஈடுசெய் இறப்பு’ என்று அதற்கு நண்பர் போட்டிருக்கும் சொல் நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

ஆக நான் முன்வைப்பவை: ஏகுமீன், மீள்மீன், ஏகு–மீள் விகிதம், கடல்தகவு பெறல், கடல்தகவு இழப்பு. அலெவினுக்குப் ‘பைக்குஞ்சு’, ஃப்ரைக்கு ‘நுண்குஞ்சு’ போதும் என்று நினைக்கிறேன். பாருக்குத்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. ‘வரிக்குஞ்சு’ என்றால் பறவைக்குஞ்சுச் சிக்கல் திரும்பவும் வருகிறது. ‘வரிமீன்’ என்றால் வளர்ந்த மீன்போல் ஒலிக்கிறது. ‘வரியிளமீன்’ நாக்கில் நிற்குமா? மீன்வளம் படித்த நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்