குடல் ஒரு குழாய் என்றால், அதற்குப் பம்பு எங்கே இருக்கிறது?

கேள்வி: நெம்புகோல்

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பாய்சொய் சமன்பாட்டை நடத்தி, குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். இரத்தத்தை இதயம் தள்ளுகிறது. அப்படியானால் பல மீட்டர் நீளமுள்ள குடலில் உணவைத் தள்ளும் பம்பு எது என்று கேட்டாள். பெருங்குடலின் முதல் பகுதி வலது அடிவயிற்றிலிருந்து கல்லீரலை நோக்கி மேலே ஏறுகிறதே, அங்கே உணவை ஏற்றிவிடுவது யார் என்றும் கேட்டாள். "தசைகள் தள்ளுகின்றன" என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. உடலியங்கியலும் பாய்ம இயக்கவியலும் அறிந்தவர்கள் விளக்கினால் அந்த மாணவிக்கு ஒழுங்கான பதிலைக் கொண்டுசெல்வேன்.

பதில் 1: குடல்வால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். உங்கள் மாணவி கேட்ட முதல் கேள்விக்கு விடை, குடலுக்கென்று தனியாக ஒரு பம்பு கிடையாது என்பதுதான். குழாயின் சுவர் முழுவதுமே பம்பாக இருக்கிறது. ஒரு முனையில் அழுத்தத்தைக் கொடுத்து மறுமுனை வரை திரவத்தைத் தள்ளும் ஏற்பாடு அங்கே இல்லை. உணவு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துச் சுவரே அதை அடுத்த சில சென்டிமீட்டர்களுக்கு நகர்த்துகிறது.

1899-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பெய்லிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் நாயின் குடலை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். குடலின் ஓரிடம் உள்ளிருந்து விரிக்கப்பட்டால், அதற்கு மேலே உள்ள தசை சுருங்குகிறது. கீழே உள்ள தசை தளர்கிறது. வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை வெட்டிய பிறகும் இது நின்றுவிடவில்லை. மூளையின் ஆணைக்குக் காத்திராமல் இந்த வேலையைச் செய்யத் தேவையான நரம்பு வலை குடற்சுவருக்குள்ளேயே இருக்கிறது.

வகுப்பில் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உவமை பாவாடைக்கு நாடா கோப்பதுதான். மடிப்புக்குள் ஊக்கை ஒரு கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருக்கும் துணியைச் சுருக்கிச் சுருக்கி அதன் மேல் ஏற்றுகிறோம். பிறகு பின்பக்கத் துணியை நீவி விடுகிறோம். ஊக்கு தானாக ஓடுவதில்லை, துணிதான் அதன் மேல் ஏறி இறங்குகிறது. குடலில் வளையத் தசை பின்னாலிருந்து பிதுக்க, நீளவாக்குத் தசை சுருங்கிச் சுவரைக் கவளத்தின் மேல் இழுத்துவிடுகிறது.

பெருங்குடலின் ஏற்றம் பற்றிய கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். அந்தப் பகுதி ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. நீளம்தான், 20 செ.மீ. உயர நீரைத் தாங்க ஏறக்குறைய 15 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். பெருங்குடலில் நாளுக்குச் சில முறை, குறிப்பாகக் காலையில் எழுந்த பிறகும் உணவுக்குப் பிறகும், ஒரு வலிய சுருக்க அலை நெடுந்தூரம் ஓடும். அதன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தையும் தாண்டுவதுண்டு. அதோடு, வயிற்றறைக்குள் குடலைச் சுற்றியுள்ள உறுப்புகளின் அடர்த்தியும் நீரின் அடர்த்திக்கு நெருக்கமானதே. ஆகவே குடலுக்குள் உயரத்தால் ஏற்படும் அழுத்த வேறுபாட்டை வெளியே உள்ள அதே வேறுபாடு பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது. விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களுக்கும் செரிமானம் நடக்கிறது என்பதை மாணவியிடம் சொல்லுங்கள்.

பதில் 2: களிம்புக் குழாய்

நான் வேதிப் பொறியாளர். பற்பசை போன்ற கெட்டியான பொருள்களைக் குழாயில் அனுப்புவது என் அன்றாட வேலை. பாய்சொய் சமன்பாடு குடலுக்கு ஏன் நேரடியாகப் பொருந்தாது என்பதை மட்டும் சேர்க்கிறேன். அந்தச் சமன்பாட்டுக்குச் சுவர் அசையக் கூடாது, பாகுநிலை, அதாவது திரவத்தின் கெட்டித்தன்மை, மாறக் கூடாது. குடலில் இரண்டுமே மாறுகின்றன. நாம் உண்பதும் குடிப்பதும், உமிழ்நீர் முதல் பித்தநீர் வரையிலான சுரப்புகளும் சேர்ந்து நாளுக்கு 8 அல்லது 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. பெருங்குடலை அடைவது ஒன்றரை லிட்டர் அளவுதான். வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர். தொடக்கத்தில் கஞ்சி போல் இருப்பது முடிவில் பிசைந்த களிமண் போல் ஆகிவிடுகிறது. எந்த ஒற்றைப் பாகுநிலை எண்ணை நீங்கள் சமன்பாட்டில் இடுவீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிறுகுடலின் விட்டம் சுமார் 2.5 செ.மீ. திரவம் நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் போவதாகவும், அது தண்ணீர் அளவுக்கே நீர்த்தது என்றும் வைத்துக்கொண்டால்கூட, ஓட்டம் அமைதியாகப் போகுமா கொந்தளிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 250-ஐச் சுற்றித்தான் வருகிறது. கூழாக இருந்தால் ஒன்றுக்கும் கீழே போய்விடும். கொந்தளிப்பு ஓட்டத்துக்கு 2000-க்கு மேல் வேண்டும். டம்ளரில் ஆற்றும் காபி கலப்பது போல் குடலில் எதுவும் தானாகக் கலக்காது. அமைதியான வரிச்சீர் ஓட்டத்தில் நடுவில் இருப்பது விரைந்து போய்விடும், சுவரோரம் இருப்பது தங்கிவிடும். நடுவில் போன சத்து உறிஞ்சப்படாமலே வெளியேறும். ஆகவே மாவு பிசைவது போல் குடல் பிசைந்துதான் ஆக வேண்டும். அருகருகே உள்ள வளையங்கள் சுருங்கிக் கூழைத் துண்டாக்குகின்றன, பிறகு அந்தத் துண்டுகளின் நடுவில் சுருங்கி மறுபடி சேர்க்கின்றன. 1902-இல் வால்டர் கேனன் பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, எக்ஸ்ரே திரையில் இதைக் கண்டு விவரித்தார்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கணக்கு வேறு. அங்கே மலம் பாய்வதில்லை. சுவரில் உள்ள கோழைப் படலத்தின் மேல் ஒரே கட்டையாக வழுக்கிப் போகிறது. 2017-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா யாங், டேவிட் ஹூ குழுவினர், பூனை முதல் யானை வரை பாலூட்டிகள் மலம் கழிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 12 நொடி, கூடவோ குறையவோ 7 நொடி என்று வெளியிட்டார்கள். யானையின் மலக்குடல் பூனையுடையதைவிடப் பலமடங்கு நீளமானது. ஆனால் அதன் கோழைப் படலமும் தடிமனானது, அதனால் வேகமும் கூடுதல்.

பதில் 3: தாழ்வாரம்

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவர் காலையும் மாலையும் வந்து ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "காற்று பிரிந்ததா?" என்று விசாரிப்பார். அம்மாவுக்கு அது பெரும் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பிரிந்தது என்று அவர் மெல்லச் சொன்னதும், மருத்துவர் முகம் மலர்ந்து கஞ்சி கொடுக்கச் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இதே இயற்பியல்தானா?

பதில் 4: குடல்வால்

ஆம், அம்மா. வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்டால் அதன் அசைவு சில காலம் நின்றுவிடும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்ளும், இரைப்பை ஓரிரு நாளில் விழிக்கும். பெருங்குடல்தான் கடைசியாக, இரண்டு மூன்று நாள் கழித்து விழிக்கும். காற்று பிரிந்தது என்றால் கடைசிப் பகுதியும் தள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் களகள ஓசை, காற்றும் திரவமும் ஒன்றாகக் குறுகிய இடத்தில் பிதுக்கப்படும்போது எழுவது. உங்கள் தாயார் கூச்சப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. அந்த வார்டில் அதைவிட நல்ல செய்தி வேறு இருந்திருக்காது.

நெம்புகோல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை வகுப்புக்கு ஒரு பழைய பாவாடையையும் ஊக்கையும் கொண்டுபோகிறேன். ரெனால்ட்ஸ் எண் கணக்கை மாணவர்களையே போடச் சொல்வேன். ஓர் ஐயம்: சிறுகுடல் பிசைந்துகொண்டே இருந்தால், கூழ் முன்னேறுவது எப்படி?

குடல்வால்

சுவரில் உள்ள கஹால் செல்கள் எழுப்பும் மெதுவான மின்னலைகள் முன்சிறுகுடலில் நிமிடத்துக்கு 12 முறையும், சிறுகுடலின் கடைசியில் 8 முறையும் வருகின்றன. மேற்பகுதி அடிக்கடி பிசைகிறது, கீழ்ப்பகுதி குறைவாகப் பிசைகிறது. அதனால் கூழ் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் கீழ்நோக்கி நகர்ந்து, 3 முதல் 5 மணி நேரத்தில் பெருங்குடலின் வாயிலை அடைகிறது. நாடா உவமை இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.