பூனைக்குட்டிகளுக்குத் தும்மல், கண் ஒட்டுகிறது. பனடோல் கொடுக்கலாமா?

கேள்வி (மாங்குளம்):
நெல் மூட்டைகளுக்குப் பின்னால் எங்கள் பூனை மூன்று குட்டி போட்டது. இப்போது ஆறு கிழமை. நாலு நாளாகத் தும்மல். விடியப் பார்த்தால் கண்கள் பீளையால் ஒட்டிக்கிடக்கின்றன. சின்னது நேற்றுப் பின்னேரத்தில் இருந்து ஒன்றும் தொடவில்லை, வீணீர் வடிகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி கால்வாசிப் பனடோலைக் கரைத்துப் பருக்கச் சொல்கிறா. பருக்கலாமா?

பதில் (வவுனியா):
வேண்டவே வேண்டாம், தங்கச்சி. பூனையின் ஈரல் அந்த மருந்தைச் சரியாக முறிக்காது. குட்டியின் உயிரைப் பறிக்கக் கால்வாசியே போதும்.

பார்த்தால் பூனைச்சளி மாதிரித்தான் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு வைரஸ்கள்தான் காரணம். ஹெர்பிஸ் என்றால் கண்ணும் மூக்கும், கலிசி என்றால் நாக்கில் புண். சின்னதின் வாயை மெல்லத் திறந்து பாருங்கோ.

கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடையுங்கள், கண்ணுக்கொரு பஞ்சு. மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து மசித்து, இளஞ்சூட்டோடு மூக்கடியில் வையுங்கள். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிபானைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிடாதீர்கள், அதையும் செய்த ஆட்கள் இருக்கிறார்கள்! சின்னதை இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இந்த வயதில் ஒரு நாள் பட்டினியே ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
நாக்கு ஓரத்தில் பயறளவு புண் இருந்தது அண்ணை. வைத்தியர் கண்ணுக்குக் களிம்பும் அன்டிபயோட்டிக் பாணியும் தந்தார். இரவு மீன் கொஞ்சம் நக்கியது. தாய் நல்ல சுகம், அப்போ எங்கிருந்து வந்தது? மகளுக்கும் தொற்றுமா?

பதில் (புதுக்குடியிருப்பு):
மகளுக்குத் தொற்றாது அக்கா. தாயிடமிருந்தே வந்திருக்கலாம். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் நரம்புக்குள் ஆயுளுக்கும் ஒளிந்திருக்கும், குட்டி போட்டுப் பால் கொடுத்துக் களைக்கும்போது மறுபடி வெளிப்படும். தாய் தும்மாமலே பரப்பும்.

அந்தப் பாணி வைரஸைக் கொல்லாது, மேலால் தொற்றும் பக்டீரியாவுக்குத்தான். ஆனாலும் இடையில் நிறுத்த வேண்டாம். கலிசி ஒரு மாதம்வரை சாக்கிலும் கோப்பையிலும் கிடக்கும், சவர்க்காரம் மட்டும் காணாது. படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். கோப்பையைக் கழுவி, துணி வெளுக்கும் குளோரின் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் விட்டு 10 நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவையுங்கள். சுகமான பிறகு தடுப்பூசி, மூன்று நாலு கிழமையில் அடுத்தது. போட்டாலும் தொற்றலாம், ஆனால் இவ்வளவு வாட்டாது.

கேள்வி கேட்டவர்:
சாக்கு எரித்தாயிற்று. சின்னதுக்கு இன்று ஒரு கண் திறந்திருக்கிறது. ஆச்சிக்கும் பனடோல் கதையைச் சொல்லிவிட்டேன், நம்பவில்லை.