சத்ரியா 4ஜி93 டர்போ: கிளச் வழுக்குகிறது, எந்த பிளேட் போடலாம்?

பீடோர் சத்ரியா:

அனைவருக்கும் வணக்கம். பேராக், பீடோர் பக்கம் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறேன். வண்டி புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சின் ஏற்றி, புஸ்பகோம் வாகனச் சோதனை முடித்து கிராண்டிலும் (வண்டிப் பதிவுச் சான்று) மாற்றியாகிவிட்டது. கம்பெனிக் கணக்கில் அந்த எஞ்சின் 195 குதிரைத்திறன், 270 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் பலம்). பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றழுத்தத்தை, கொஞ்சம் கூட்டிய பிறகு வண்டியின் பலத்தை அளக்கும் டைனோவில் ஏற்றினோம், டார்க் 255 காட்டியது.

பிரச்சினை இதுதான். நெடுஞ்சாலையில் தாப்பா தாண்டி நான்காம் கியரில் முழுசாக மிதித்தால், 3500-இல் இருக்கும் ஆர்பிஎம் ஊசி சட்டென்று 4500-க்கு எகிறுகிறது. வேகம் மட்டும் ஏறவில்லை. பிறகு கருகல் வாடை. முதல், இரண்டாம் கியரில் ஒன்றும் தெரிவதில்லை.

என் போமென் (மெக்கானிக்) ஆறு பட்டன் செராமிக் பிளேட் போடச் சொல்கிறார். வார நாளில் ஆலைக்குப் போகும் வழி முழுக்கப் பழக்குலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்வதுதான். வார இறுதியில் தாப்பாவிலிருந்து 59-ஆம் சாலையில் ரிங்லெட் வரை ஏறுவேன். எப்போதாவது செப்பாங் ரேஸ் டிராக். என்ன போட்டால் சரியாக இருக்கும்?

ஈப்போ ரெட்லைன்:

செராமிக் போடுங்கள் ப்ரோ, கூடவே லைட் ஃப்ளைவீல் (கிளச் பிளேட் உட்காரும் எஞ்சின் சக்கரம், எடை குறைந்தது). நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன். டர்போ வண்டிக்குச் சாதாரண ஆர்கானிக் பிளேட் தாங்காது.

பழைய ஸ்பேனர்:

தம்பி, சுங்கையில் இருந்து எழுதுகிறேன். தோட்டத்து லாரி, டிராக்டர் தொடங்கி இந்த மாதிரி வண்டிகள் வரை கிளச் இறக்கி ஏற்றியே காலம் போனவன். செராமிக் வாங்குவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

முதலில் காசு செலவில்லாத வேலை. பெடலில் ஃப்ரீ ப்ளே இருக்கிறதா பாருங்கள். கையால் அழுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். அது இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும், பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் கவரின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும், கவர் முழுப் பலத்தோடு பிளேட்டைப் பிடிக்காது. நல்ல பிளேட்டும் வழுக்கும்.

அடுத்தது, டைனோவில் வந்த 255 சக்கரத்தில் அளந்தது. கியர்பாக்ஸ் தின்றதுபோக மிச்சம் அது. முன்சக்கர வண்டியில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் போகும் என்று வைத்தால், கிளச் தாங்க வேண்டியது 283-இலிருந்து 300 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் கிளச்சுக்கு அந்த எண்தான் முக்கியம்.

ஒரு கிளச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நான்கு விஷயம்: கவர் அழுத்தும் பலம், பிளேட் உராய்வு, உராயும் வளையத்தின் சராசரி ஆரம், பிளேட்டின் இரண்டு முகங்கள். உதாரணத்துக்கு 5000 நியூட்டன் அழுத்தம், ஆர்கானிக் பிளேட்டின் உராய்வு 0.3, ஆரம் 90 மில்லிமீட்டர் (0.09 மீட்டர்), முகம் இரண்டு. பெருக்கினால் 270 நியூட்டன் மீட்டர். அப்படி ஒரு கிளச்சில் உங்கள் எஞ்சின் டார்க் உச்சத்தைத் தொட்டால் வழுக்கத்தான் செய்யும். நான்காம் கியரில் மட்டும் ஏன் என்றால், அங்கே வண்டி சட்டென்று வேகம் எடுக்காது. எஞ்சின் உச்ச டார்க்கில் வெகுநேரம் முட்டிக்கொண்டு நிற்கும், டர்போவும் முழு பூஸ்ட் தரும்.

அதே ஆர்கானிக் பிளேட், அழுத்தம் 7000 உள்ள கவர் போட்டால் 378 வருகிறது. உங்கள் 300-க்கு மேல் கால் பங்கு கையிருப்பு. சாலைக்கு அது போதும். பெடல் கனக்கும், ஆனால் பிடிப்பு மென்மையாக இருக்கும்.

செராமிக்குக்கு உராய்வு அதிகம், சூட்டையும் தாங்கும். ஆனால் பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் முழுசாக விடும். அரைக் கிளச்சில் வண்டி குலுங்கும். ஃப்ளைவீல் முகத்தையும் சீக்கிரம் தின்னும். இன்னொன்று, கொஞ்சம் வழுக்கும் கிளச் வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது வழுக்காவிட்டால் அந்த அடி கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். பழைய கியர்பாக்ஸை அப்படி அடிக்க விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேர்க்கோட்டில் டிராக் ஓட்டுபவருக்கு வேண்டுமானால் செராமிக் சரி.

பிளேட் நடுவில் ஸ்பிரிங் உள்ளதாகவே வாங்குங்கள். ஸ்பிரிங் இல்லாத சாலிட் ஹப் என்றால் ஐட்லில் கியர்பாக்ஸ் கடகடக்கும்.

தாப்பா டீச்சர்:

தம்பி, நான் ரிங்லெட்டில் பாடம் எடுக்கிறேன், அதே 59-ஆம் சாலையில்தான் தினமும். என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்கும்போதே பட்டன் பிளேட் போட்டிருந்தது. லத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் விடுமுறை நாளில் இருபுறமும் கார் நிற்கும், ஏற்றத்தில் நின்று நின்றுதான் போகணும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஸ்டீயரிங் வரை உதறும். பின்னால் காய்கறி லாரி ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த உதறலோடு கிளம்புவது பெரிய தொல்லை. ஆர்கானிக் மாற்றிய பிறகு அந்தப் பாதையே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஏற்றத்தில் கிளச்சைப் பிடித்தே வண்டியை நிறுத்தாதீர்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள். எந்த பிளேட்டானாலும் அப்படித்தான் கருகும்.

பீடோர் சத்ரியா:

அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. ஃப்ரீ ப்ளே சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை கியர்பாக்ஸ் இறக்கிவிட்டோம். பிளேட்டில் ரிவெட் தலை வரை தேய்மானம். ஃப்ளைவீல் முகத்தில் காசு அளவுக்கு நீலத் திட்டுகள், விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரிகிறது. கவர் உட்புறத்தில் ஒரு பக்கம் எண்ணெய்ப் பசை. அழுத்தம் கூடிய கனமான கவர், ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் பிளேட் சொல்லிவிட்டேன். லைட் ஃப்ளைவீலும் சேர்த்துப் போடலாமா?

பழைய ஸ்பேனர்:

எண்ணெய்ப் பசை என்றால் முதலில் அதைப் பிடியுங்கள். எஞ்சின் பின் சீலா, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலா என்று வாடையிலேயே தெரிந்துவிடும், கியர் எண்ணெய் மூக்கைத் துளைக்கும். இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். அதைச் செய்யாமல் புதுப் பிளேட் வைத்தால் அதுவும் ஊறிப்போய் வழுக்கும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கும் புதுசு. கேபிள் வண்டி என்றால் கேபிளும் புதுசு. கேபிளுக்குப் பதில் கிளச்சுக்கு எண்ணெய் பம்ப் உள்ள வண்டி என்றால் மேல் பம்ப், கீழ் பம்ப் இரண்டிலும் ரப்பர் மாற்றுங்கள், கனமான கவருக்குப் பழைய ரப்பர் நிற்காது.

நீலத் திட்டு சூட்டில் இரும்பு இறுகிய இடம். லேத்தில் கொடுத்து முகம் சீவச் சொல்லுங்கள். ஆனால் முதலில் விரிசல் இருக்கிறதா பார்க்கணும், இருந்தால் அந்த ஃப்ளைவீல் வேண்டாம். கவர் உட்காரும் விளிம்பு உராயும் முகத்தைவிட உயர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே அளவு சீவ வேண்டும். முகத்தை மட்டும் சீவினால் கவரின் அழுத்தம் குறைந்துவிடும், கனமான கவர் வாங்கியது வீண்.

லைட் ஃப்ளைவீல் உங்களுக்கு இப்போது வேண்டாம். கியர் மாற்றும்போது ஆர்பிஎம் சுறுசுறுப்பாக ஏறி இறங்கும், செப்பாங்கில் சுகம்தான். ஆனால் ஏற்றத்தில் கிளம்பும்போது எஞ்சினைத் தள்ளிவிடும் அந்தக் கனம் இருக்காது, அதிகம் மிதித்துத்தான் கிளம்பணும், பிளேட் சூடாகும்.

ஏற்றியபின் முதல் 800 கிலோமீட்டர் ஆலைப் பாதையே போதும். நின்று கிளம்பி நின்று கிளம்பி ஓட்டுங்கள், பூஸ்ட் வேண்டாம், ரிங்லெட்டும் வேண்டாம். அப்புறம் அதே நான்காம் கியர், அதே 3500-இல் மிதித்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.