‘டிஸ்எங்கேஜ்மென்ட்’: படைவிலகலா, படைவிலக்கலா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

1973 அக்டோபர்ப் போருக்குப் பின் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் தனித்தனியே செய்துகொண்ட ‘டிஸ்எங்கேஜ்மென்ட்’ (எதிர்நிற்கும் படைகளைப் பிரித்து நிறுத்தும்) உடன்பாடுகளைப் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 338ஆம் தீர்மானம் போர்நிறுத்தத்தை முன்பே கோரிவிட்டதால், ‘போர்நிறுத்தம்’ என்ற சொல்லை இங்கே மறுபடியும் ஆள இயலாது. ‘படைவிலகல்’ என்று எழுதியுள்ளேன். பொருந்துமா?

*

அம்மா, வணக்கம்.

‘விலகல்’ என்றால் ஒரு படை தானே பின்வாங்கியதாக மாணவர் கொள்வர். 1974 ஜனவரி 18 அன்று எகிப்துடன் கையெழுத்தான சினாய் உடன்பாட்டின்படி, சூயெஸ் கால்வாய்க்கு மேற்கே ஊடுருவியிருந்த இஸ்ரேலியப் படை கிழக்கே திரும்பியது, கால்வாயைக் கடந்திருந்த எகிப்தியப் படையோ எண்ணிக்கை குறைக்கப்பட்டுக் கிழக்குக் கரையிலேயே நின்றது, நடுவே ஐ.நா. படை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு மே இறுதியில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் ஜெருசலேமுக்கும் டமாஸ்கஸுக்கும் இடையே ஒரு மாதத்துக்கு மேல் பறந்து முடித்துவைத்த, சிரியாவுடனான கோலான் உடன்பாட்டிலும் நடுவில் ஒரு பிரிப்பு வலயம் உண்டு. அதன் இருபுறமும் முதல் 10 கிலோமீட்டருக்குள் தலா 6,000 வீரர்களும் 75 டாங்கிகளும் மட்டுமே இருக்கலாம். ஆகவே தன்வினையை விடுத்துப் பிறவினையில் ‘படைவிலக்கல்’ என்க. சண்டையை விலக்கிவிடுதல் என்பது இன்றும் ஊர்வழக்குத்தான்.

பழஞ்சொல் வேண்டுமெனில், போரிடுவோரிடையே சமாதானம் செய்வித்தலைக் குறிக்கும் ‘துணைவஞ்சி’ இருக்கிறது. உறையூரை முற்றுகையிட்டிருந்த சோழன் நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் புலவர் கோவூர்கிழார் பாடிய 45ஆம் புறநானூற்றுப் பாட்டின் துறை அது.

*

ஐயா, துணைவஞ்சி சந்து செய்விப்பவரின் செயலைக் குறிக்குமே அன்றிப் படைகள் நிற்கும் நிலையைக் குறிக்காது. அன்றியும், போரின்போது ஒரு தரப்புக்கு விமானங்களில் ஆயுதம் அனுப்பிய நாட்டின் அமைச்சரான கிஸிஞ்சரைக் கோவூர்கிழாருக்கு அருகில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. ‘படைவிலக்கல்’ என்பதும் தெளிவாக இல்லை. இந்திய–சீன எல்லையான லடாக்கில் படைகள் பின்வாங்கிய செய்திகளைப் படித்துப் பழகியவர் படையைத் திரும்பப் பெற்றதாகவே கொள்வர். ‘படைப்பிரிப்பு’ என்க.

*

‘படைப்பிரிப்பு’ என்பதைக் காதால் கேட்பவர் ‘படைப்பிரிவு’ என்றே கொள்வர். ‘படைப்பு’, ‘இரிப்பு’ என யாரேனும் பிரித்துவிட்டால் இன்னும் வம்பு; இரிதல் தோற்றோடுதல் என்பதை இக்குழுவில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஏற்றபடி ‘படைவிலக்கல்’ என்றே எழுதி, அச்சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘எதிர்நின்ற இரு படைகளையும் இடைவெளி விட்டு நிறுத்தல்’ என்று விளக்கம் சேர்க்கிறேன். ‘அமைதி’ சேர்ந்த சொல்லைத் தனிமடலில் பரிந்துரைத்தவர் பொறுத்தருள்க. தான் அமைதி உடன்படிக்கை அன்று என்று கோலான் உடன்பாடே சொல்லிவிடுகிறது.

*

அச்சுக்குச் செல்லட்டும், தடுக்கவில்லை. ஆனால் அவ்வளவு நீண்ட விளக்கம் தேவைப்படும் சொல்லைக் கலைச்சொல் என்று நான் ஏற்கவில்லை என்பதும் பதிவாகட்டும்.